கட்டி பூஞ்சைதான் என்றால் கிட்னி மாத்திரையை நிறுத்த வேண்டுமா?

நீங்கள் எழுதியிருப்பதை முதலில் நான் புரிந்துகொண்டபடி சொல்லிவிடுகிறேன், தவறிருந்தால் திருத்துங்கள். பண்ருட்டிப் பக்கம் ஊர். உங்கள் கணவருக்கு 41 வயது. ஒன்றரை வருடத்துக்கு முன் சென்னையில் அவருடைய அம்மாவின் சிறுநீரகத்தை எடுத்து வைத்தார்கள். டாக்ரோலிமஸ், மைக்கோஃபீனோலேட், பிரெட்னிசோலோன் மூன்றும் ஓடுகின்றன. கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் 1.3இல் நிற்கிறது. நான்கு மாதமாக வலது கணுக்காலுக்கு மேலே ஒரு கட்டி. புளியங்கொட்டை அளவில் இருந்தது இப்போது சின்ன எலுமிச்சை அளவு. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. கடலூரில் ஒரு டாக்டர் ஊசியால் உறிஞ்சிப் பார்த்துவிட்டு, பூஞ்சை மாதிரி தெரிகிறது என்று இட்ராகொனசோல் எழுதிக் கொடுத்திருக்கிறார். மாத்திரையை வாங்கி வைத்திருக்கிறீர்கள், இன்னும் ஆரம்பிக்கவில்லை. எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரையால்தானே இது வந்தது, அதை நிறுத்திவிட்டால் என்ன என்பது நீங்கள் கேட்ட கேள்வி. ஆனால் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "நான் கொடுத்தது போனால் போகட்டும், பையன் இருந்தால் போதும் என்று அத்தை அழுகிறார்." உண்மையில் நீங்கள் கேட்பது, கிட்னியா உயிரா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டோமா என்பதுதான்.

வரவில்லை. நீங்கள் விவரித்திருப்பதை வைத்துப் பார்த்தால் அந்த இடம் இன்னும் வெகுதூரத்தில் இருக்கிறது. இதை முதலில் அத்தையிடம் சொல்லுங்கள், மீதியை அப்புறம் நிதானமாகப் படிக்கலாம்.

நான் சிறுநீரக மருத்துவர் இல்லை. புதுச்சேரியில் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் 22 வருடம் வேலை பார்த்தவன், அதில் பெரும்பகுதி பூஞ்சை மேசையில். கடலூர், விழுப்புரம், திண்டிவனம் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து வந்த கட்டி, சீழ், சளி, மூளைத் தண்ணீர் எல்லாவற்றையும் ஸ்லைடில் பார்த்தே பாதி ஆயுள் போயிற்று. அதனால் பூஞ்சை எது, அதை எப்படிக் கண்டுபிடிப்பது, எந்த மருந்துக்கு எது அடங்கும், அந்த மருந்து கிட்னி மருந்தோடு எப்படி மோதும் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்த பாதை. உங்கள் கணவர் எந்த மாத்திரையை எத்தனை மில்லிகிராம் சாப்பிட வேண்டும் என்று மட்டும் நான் சொல்ல மாட்டேன். அதை மாற்று அறுவை செய்த குழுதான் சொல்ல வேண்டும். அவர்களிடம் ஐந்து நிமிடம் போனில் பேசுவது நான் எழுதும் இந்த முழுப் பதிலையும்விட மதிப்புள்ளது.

முதலில் சந்தேகமே இல்லாத விஷயம். அந்த மூன்று மாத்திரையையும் நீங்களாக நிறுத்தக் கூடாது. டாக்ரோலிமஸும் மைக்கோஃபீனோலேட்டும் செய்யும் வேலை, இது என் உடம்பில் பிறந்த உறுப்பு இல்லையே என்று சண்டைக்குக் கிளம்பும் டி செல்களைப் பிடித்து உட்கார வைப்பது. விட்டுவிட்டால் சில நாளிலோ சில வாரத்திலோ அவை எழுந்துகொள்ளும். அம்மா கொடுத்தது என்றாலும் பாதிதான் ஒத்துப்போகும், மீதிப் பாதியை உடம்பு அடையாளம் கண்டுபிடித்துவிடும். பிரெட்னிசோலோன் கதை வேறு. மாதக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிட்டவருக்கு அட்ரீனல் சுரப்பி தன் வேலையை மறந்து தூங்கிக் கிடக்கும். திடீரென்று நிறுத்தினால் வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தம் சரிவது என்று அது தனி ஆபத்து. நிராகரிப்பு வந்துவிட்டால் அதை அடக்க மறுபடி ஸ்டீராய்டை ஊசியாக, பல மடங்கு ஏற்றுவார்கள். அப்போது பூஞ்சைக்குத்தான் கொண்டாட்டம். நிறுத்துவதால் பூஞ்சை ஒழியும் என்ற கணக்கு அங்கேயே உடைந்துபோகிறது.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. டாக்ரோலிமஸ் 1984இல் ஜப்பானில் சுகுபா மலைப்பக்கத்து மண்ணிலிருந்த ஒரு நுண்ணுயிரியிடமிருந்து கிடைத்தது. மைக்கோஃபீனோலேட்டின் மூல அமிலம், கெட்டுப்போன மக்காச்சோளத்தை ஆராய்ந்த கோசியோ என்ற இத்தாலியர் 1893இல் பெனிசிலியம் பூசணத்திலிருந்து பிரித்தது. பூஞ்சைக்குக் கொடுக்கும் பெரிய ஊசியான ஆம்ஃபோடெரிசின்கூட வெனிசுவேலா மண்ணிலிருந்து வந்ததுதான். கிட்னியைக் காப்பதும் மண்ணிலிருந்து வந்தது, காலில் கட்டியாக நிற்பதும் அநேகமாக மண்ணிலிருந்து வந்தது.

அநேகமாக என்றுதான் சொல்கிறேன். கட்டியைக் கண்ணால் பார்க்காமல், ஸ்லைடைப் பார்க்காமல் அது பூஞ்சைதான் என்று நான் சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் கிட்னி மாற்றியவர், விவசாய ஊர், காலில் மெதுவாக வளரும் வலியில்லாத கட்டி, நடுவே கூழ் போன்ற சீழ் என்று நான்கும் சேர்ந்து வந்தால் எங்கள் மேசையில் முதலில் நினைவுக்கு வருவது கரும்பூஞ்சைக் கட்டிதான். ஃபியோஹைஃபோமைக்கோசிஸ் என்று வாயில் நுழையாத பெயர். இந்த வகைப் பூஞ்சைகளின் சுவரில் மெலனின் இருக்கும், நம் தோலில் இருப்பது போன்ற கரு நிறமி. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தால், எந்தச் சாயமும் போடாமலேயே காப்பிப்பொடி நிறத்தில் இழைகள் தெரியும். கடலூர் டாக்டர் அப்படி ஏதாவது பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். அந்த ரிப்போர்ட்டில் "பழுப்பு நிற இழைகள்" என்று இருக்கிறதா, வெறுமனே "பூஞ்சை" என்று இருக்கிறதா என்று எடுத்துப் பாருங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு.

2021இல் கோவிட் இரண்டாம் அலையின்போது ஊரெல்லாம் பேசிய கருப்புப் பூஞ்சை இது இல்லை. பெயர் ஒன்று போல ஒலிப்பதால் பயந்துவிடாதீர்கள். அது மியூகர், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவரின் மூக்கு, கண், மூளை என்று நாள்கணக்கில் ஓடும். அந்தப் பூஞ்சைக்குக் கருப்பு நிறமே கிடையாது, அது ரத்தக் குழாயை அடைப்பதால் செத்துப்போகும் சதைதான் கருப்பாகத் தெரியும். உங்கள் கணவர் காலில் இருப்பதாக நான் சந்தேகிப்பது உண்மையிலேயே நிறமுள்ளது, ஆனால் சோம்பேறி. மாதக்கணக்கில் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும். அபூர்வமாகத்தான் மூளைக்கோ வேறு இடத்துக்கோ போகும். அந்த அபூர்வத்துக்காகத்தான் அலட்சியம் கூடாது என்கிறோம்.

முள் குத்தியது நினைவில்லை என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். யாருக்கும் நினைவிருக்காது. சவுக்குக் கட்டையின் சிலாம்பு, சீமைக்கருவேல முள், முந்திரித் தோப்பில் காய்ந்த சுள்ளி, இப்படி ஏதோ ஒன்று மண்ணில் கிடந்த பூஞ்சையைத் தோலுக்கு அடியில் கொண்டுபோய் வைத்துவிடும். எதிர்ப்புச் சக்தி நன்றாக இருந்த காலத்தில் உள்ளே போனது, மாற்று அறுவைக்குப் பிறகு தலைதூக்குவதும் உண்டு. 2011 டிசம்பரில் தானே புயல் உங்கள் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தபோது, மாதக்கணக்கில் வெட்டி அறுத்து அடுக்கியவர்கள் எத்தனை பேர்! அவர்களில் யாரிடமாவது எத்தனை முறை குத்தியது என்று கேட்டால் சிரிப்பார்கள். (மதுரைக் கால் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 1842இல் கில் என்ற ஆங்கிலேய மருத்துவர் மதுரையில் பார்த்து எழுதியதால் உலகம் முழுக்க அந்த நோய் நம் ஊர்ப் பெயரில் இருக்கிறது. அதுவும் வெறுங்காலில் குத்திய முள் வழியாக வருவதுதான், ஆனால் அதில் பல துளைகள் விழுந்து மணிமணியாகக் குருணை வெளியே வரும். உங்கள் கணவருக்கு அப்படி இல்லை என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.)

வேறு என்னவாக இருக்கலாம்? வெறும் கொழுப்புக் கட்டியாக இருக்கலாம். நோகார்டியா என்ற பாக்டீரியாவாக இருக்கலாம். காசநோயாகவும் இருக்கலாம், நம் நாட்டில் கிட்னி மாற்றியவருக்கு வலியில்லாத எந்தக் கட்டி வந்தாலும் காசநோய் இல்லை என்று உறுதிசெய்துவிட்டுத்தான் அடுத்ததைப் பேச வேண்டும். அதற்கான மருந்தான ரிஃபாம்பிசின் ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவைத் தரைமட்டமாக இறக்கிவிடும். இட்ராகொனசோல் அதை ஏற்றிவிடும். பெயர் தெரியாமல் மருந்து ஆரம்பிப்பது எவ்வளவு பெரிய சூதாட்டம் என்பதற்கு இது ஒன்றே போதும்.

இப்போது என் 22 வருடத்து ஆற்றாமை. கட்டியை முழுசாக அறுத்து எடுப்பதுதான் இந்த நோய்க்கு நல்ல வைத்தியம், முடிகிற இடத்தில் இருந்தால் எடுத்துவிடுவார்கள், கணுக்கால் பெரும்பாலும் முடிகிற இடம். அறுத்தபின் என்ன நடக்கும் தெரியுமா? பழக்கத்தில் கை நீண்டு, மொத்தக் கட்டியையும் ஃபார்மலின் பாட்டிலில் போட்டு பயாப்சிக்கு அனுப்பிவிடுவார்கள். ஃபார்மலினில் விழுந்த நொடியிலிருந்து பூஞ்சை செத்துப்போகிறது. திசு நோயியல் மருத்துவர் இழைகளைப் பார்த்து "பூஞ்சை" என்பார், நிறமுள்ளது என்றும் சொல்லிவிடுவார். ஆனால் எக்ஸோபியாலாவா, ஃபியாலோஃபோராவா, ஆல்டர்னேரியாவா என்று பெயர் சொல்ல அது உயிரோடு வளர வேண்டும். செத்ததை நான் எந்த வளர்ப்பு ஊடகத்தில் வைத்தாலும் வளராது. "கல்ச்சர் செய்யவும்" என்று எழுதி ஃபார்மலினில் மிதக்கும் கட்டி எத்தனை வந்திருக்கிறது என் மேசைக்கு! ஒவ்வொரு முறையும் போன் செய்து, வேறு துண்டு மிச்சம் இருக்கிறதா என்று கேட்பேன். இருந்ததே இல்லை.

அதனால் நோயாளி வீட்டுக்காரர் நீங்களே கேட்கலாம், கூச்சப்பட வேண்டாம்: "டாக்டர், கட்டியில் பாதியை நார்மல் சலைனில் போட்டு பூஞ்சைக் கல்ச்சருக்கும் காசநோய்ப் பரிசோதனைக்கும் அனுப்புவீர்களா?" மீதிப் பாதி ஃபார்மலினுக்குப் போகட்டும், அதுவும் வேண்டியதுதான். சலைன் துண்டு அன்றே, காயாமல், ஆய்வகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். பூஞ்சை வளர்ப்பை நாங்கள் நான்கு வாரம் வரை வைத்துப் பார்ப்போம், இந்தக் கருப்பு வகையறா பலவும் ஆமை வேகத்தில்தான் வளரும். ஒரு வாரத்தில் "வளர்ச்சி இல்லை" என்று ரிப்போர்ட் வந்தால் அது கடைசி ரிப்போர்ட்டா, இடைக்கால ரிப்போர்ட்டா என்று கேளுங்கள். அந்த வசதி கடலூரில் உங்களுக்குக் கிட்டவில்லை என்றால், ஜிப்மர் போன்ற மருத்துவக் கல்லூரிகளின் நுண்ணுயிரியல் துறைகளில் பூஞ்சைக்குத் தனிப் பிரிவு உண்டு.

பெயர் எதற்கு, எல்லாம் பூஞ்சைதானே என்று கேட்பீர்கள். எல்லாப் பூஞ்சைக்கும் ஒரே மருந்து கேட்காது. மெடிக்கலில் சீட்டு இல்லாமல் வாங்கிச் சாப்பிடும் ஃப்ளுகொனசோல் கேண்டிடாவையும் கிரிப்டோகாக்கஸையும் பிடிக்கும், இழைப் பூஞ்சைகள் அதைக் கண்டுகொள்வதே இல்லை. வோரிகொனசோல் ஆஸ்பர்ஜில்லஸுக்கு முதல் மருந்து, மியூகரிடம் அது செல்லாது. நியூமோசிஸ்டிஸ் என்ற நுரையீரல் பூஞ்சைக்கு இந்த வகை மாத்திரை எதுவுமே வேலை செய்யாது, அதற்குக் கோட்ரைமாக்சசோல்தான். மாற்று அறுவைக்குப் பிறகு முதல் பல மாதம் தினமும் ஒரு சல்ஃபா மாத்திரை கொடுத்தார்களே, அது இதைத் தடுக்கத்தான்.

சரி, நீங்கள் வாங்கி வைத்திருக்கும் அந்த இட்ராகொனசோல். மருந்து தவறு என்று நான் சொல்லவில்லை. கரும்பூஞ்சைக் கட்டி என்றால் பெரும்பாலும் அதைத்தான் கொடுப்பார்கள். ஆனால் முதல் மாத்திரையை விழுங்கும் முன் சென்னைக்குப் போன் போக வேண்டும். டாக்ரோலிமஸைக் கரைத்து வெளியேற்றுவது குடலிலும் ஈரலிலும் இருக்கும் ஒரு நொதி. இட்ராகொனசோல், வோரிகொனசோல், போசகொனசோல் எல்லாம் அந்த நொதியைக் கட்டிப்போட்டுவிடும், ஃப்ளுகொனசோல் கொஞ்சம் மென்மையாக. தினமும் அதே அளவு டாக்ரோலிமஸ் உள்ளே போகும், வெளியேறும் வழி அடைபட்டிருக்கும். சில நாளில் ரத்த அளவு இரண்டு மூன்று மடங்காகிவிடும். வோரிகொனசோல் ஆரம்பித்தால் டாக்ரோலிமஸை மூன்றில் ஒரு பங்காகக் குறைக்கச் சொல்லி மருந்துக் குறிப்பிலேயே இருக்கிறது. இட்ராகொனசோலுக்கும் முன்கூட்டியே குறைப்பார்கள், எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதனால்தான் குறைத்துவிட்டு, மூன்று முதல் ஐந்து நாளில் ரத்த அளவு எடுத்து, அதைப் பார்த்து மறுபடி சரிசெய்வார்கள்.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன், ஊரும் பேரும் வேண்டாம். கிட்னி மாற்றி இரண்டு வருடம் நன்றாக இருந்தவர். தொடையில் படர்தாமரை. மருந்துக் கடையில் காட்டி இட்ராகொனசோல் வாங்கிச் சாப்பிட்டார். பத்துப் பன்னிரண்டு நாளில் கை நடுங்க ஆரம்பித்தது, டீ டம்ளரைப் பிடித்தால் பாதி சட்டையில். கிரியாட்டினின் 1.4இலிருந்து 2.8. உறுப்பு நிராகரிப்பாக இருக்குமோ என்று ஸ்டீராய்டு ஊசிக்குத் தயார் செய்துவிட்டார்கள். அந்த ராத்திரி ட்யூட்டியில் இருந்த ஒரு சின்னப் பெண், நர்ஸ், அவருடைய பையைத் துழாவி அந்தப் பட்டையை எடுத்துக் காட்டியிருக்கிறாள். டாக்ரோலிமஸ் அளவு மெஷின் காட்டக்கூடிய உச்சத்தையே தாண்டியிருந்தது. கிட்னியை உடம்பு தாக்கவில்லை, மருந்துதான் விஷமாகிக்கொண்டிருந்தது. ஊசியை நிறுத்தி, அளவை இறக்கி, மெல்ல மெல்லச் சரியானார். ஆனால் பூஞ்சை மாத்திரை நின்றபிறகு நொதி விடுதலையாகிவிடும் அல்லவா, குறைத்த டாக்ரோலிமஸை மறுபடி ஏற்ற வேண்டும். அதைக் கவனிக்க ஆள் இல்லாமல் அடுத்த மாதம் நிஜமாகவே ஒரு நிராகரிப்பு வந்தது. இட்ராகொனசோல் உடம்பைவிட்டுப் போக ஒன்று இரண்டு வாரம் ஆகும், ஆகவே கடைசி மாத்திரை நாளோடு கதை முடிவதில்லை. மருந்து ஆரம்பிக்கும் நாளையும் முடிக்கும் நாளையும் காலண்டரில் வட்டம் போட்டு, இரண்டையும் சென்னைக்குச் சொல்லிவிடுங்கள்.

ரத்த அளவு பார்க்கப் போகும் நாளில் காலை டாக்ரோலிமஸை விழுங்காமல் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும், ரத்தம் கொடுத்த பிறகு விழுங்கலாம். ராத்திரி மாத்திரைக்கும் ரத்தம் எடுப்பதற்கும் 12 மணி நேரம் இருக்க வேண்டும். ஒன்றரை வருடம் ஆனவர்களுக்குப் பல மையங்கள் மில்லிலிட்டருக்கு 5 முதல் 8 நானோகிராம் வரை வைத்துக்கொள்கின்றன. உங்கள் மையம் எதை வைத்திருக்கிறது என்று கேட்டு எழுதி வையுங்கள்.

அப்புறம் கேப்சூல். இட்ராகொனசோல் கேப்சூல் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும், சாப்பாட்டோடு விழுங்க வேண்டும். கிட்னி மாற்றியவர்களில் முக்கால்வாசிப் பேர் கையில் பான்டோபிரசோல் இருக்கும், அது அமிலத்தை நிறுத்திவிடும். இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் இட்ராகொனசோல் ரத்தத்தில் சரியாக ஏறாது. பூஞ்சை அடங்கவில்லையே, மருந்து எதிர்ப்பு வந்துவிட்டதோ என்று எனக்குக் கல்ச்சர் அனுப்பியவர்களில் சிலருக்கு உண்மையான காரணம் இந்த மாத்திரைதான். கொழுப்புக்கான அட்டோர்வாஸ்டாட்டின் சாப்பிடுகிறாரா என்றும் பாருங்கள், இட்ராகொனசோலோடு சேர்ந்தால் தசையைக் கெடுக்கலாம். பி.பி.க்கான அம்லோடிபின் இருந்தால் கால் வீங்கலாம், ரத்த அழுத்தம் இறங்கலாம். இதயம் பலவீனமானவருக்கு இந்த மருந்தே ஆகாது. டில்டியாசெம் இருந்தால் இன்னொரு விஷயம்: நம் நாட்டில் டாக்ரோலிமஸ் செலவைக் குறைக்கவே சில டாக்டர்கள் அதைச் சேர்த்துக் கொடுப்பது உண்டு, அதுவும் அதே நொதியைத்தான் கொஞ்சம் தடுக்கிறது. வேறு டாக்டர் யாராவது "இது பி.பி. மாத்திரைதானே" என்று மாற்றிவிட்டால் கணக்கே மாறிவிடும். ஆக, எல்லா மாத்திரைப் பட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள், நினைவிலிருந்து சொல்ல வேண்டாம். வாய்ப்புண்ணுக்குத் தடவும் க்ளோட்ரிமசோல்கூட விழுங்கினால் இந்த அளவை ஏற்றும் என்றால் நம்புவீர்களா?

இனி உறுதியில்லாத பகுதி. கட்டியை எடுத்தபிறகு எத்தனை மாதம் மருந்து என்பதற்குப் பெரிய ஒப்பீட்டு ஆய்வு கிடையாது. அங்கங்கே பார்த்த நோயாளிகளைத் தொகுத்துத்தான் மூன்று முதல் ஆறு மாதம் என்று வைத்திருக்கிறார்கள். முழுசாக அறுத்து எடுத்த சின்னக் கட்டிக்கு மருந்தே வேண்டாம் என்பவர்களும் உண்டு, எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் என்பதால் கொடுத்தே ஆக வேண்டும் என்பவர்களும் உண்டு. நான் இரண்டாவது பக்கம் சாய்பவன். அறுத்த இடத்தின் ஓரத்தில் மறுபடி முளைத்த கட்டிகளைப் பார்த்திருக்கிறேன். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தைக் குறைக்க வேண்டுமா என்பதிலும் ஒரே பதில் இல்லை. உயிருக்கு ஆபத்தான பூஞ்சை என்றால் மைக்கோஃபீனோலேட்டை முதலில் குறைப்பார்கள், சில நேரம் நிறுத்தவும் செய்வார்கள். காலில் தனியாக நிற்கும் கட்டிக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிராது என்பது என் கணிப்பு. அத்தை கேட்டதற்கும் இதுதான் பதில்: குறைப்பது ஒரு சிகிச்சைதான், ஆனால் அதை வாராவாரம் கிரியாட்டினின் பார்த்துக்கொண்டு செய்பவர்கள் செய்ய வேண்டும்.

காலில் இருப்பதைவிட நான் பயப்படுவது வேறு சிலவற்றுக்கு, அவற்றையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். முதலாவது தலைவலி. கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை புறா எச்சத்திலும் மண்ணிலும் இருக்கும், மூச்சோடு உள்ளே போய் மூளை உறையில் தங்கும். கிட்னி மாற்றி ஆறு மாதம், ஒரு வருடம், சில நேரம் பல வருடம் கழித்து வரும். கழுத்து பெரும்பாலும் இறுகாது, காய்ச்சல் லேசாகத்தான் இருக்கும், சிலருக்கு அதுவும் இராது. வாரக்கணக்கில் மெல்லிய தலைவலி, வாந்தி, பேச்சில் ஒரு மந்தம், வீட்டுக்காரர்தான் முதலில் கவனிப்பார்கள். முதுகுத் தண்டு நீரில் இந்தியா இங்க் ஒரு சொட்டு கலந்தால், கருப்பு வானத்தில் நிலா மாதிரி வட்டம் வட்டமாகத் தெரியும். ரத்தத்திலேயே பார்க்கும் பட்டைச் சோதனை பத்து நிமிடத்தில் வந்துவிடும். சீக்கிரம் பிடித்தால் காப்பாற்றலாம், தலைவலித் தைலம் தடவிக்கொண்டிருந்தால் பார்வை போகும், அதற்கு மேலும் போகும். அவருக்கு ஒரு வாரத்துக்கு மேல் தலைவலி நீடித்தால் யாரையும் யோசனை கேட்காமல் கிளம்பிவிடுங்கள்.

இரண்டாவது, காய்ச்சலோடு இருமலோ மூச்சு வாங்குவதோ. மூன்றாவது, முகத்தில் ஒரு பக்கம் வலி, மூக்கடைப்பு, கண் வீக்கம், மூக்கிலோ வாய் மேலண்ணத்திலோ கருப்பு. இது அன்றைக்கே பார்க்க வேண்டியது. டாக்ரோலிமஸும் ஸ்டீராய்டும் இரண்டும் சர்க்கரையை ஏற்றுபவை என்பதால் மாற்று அறுவைக்குப் பிறகு புதிதாகச் சர்க்கரை வருபவர்கள் நிறைய, மியூகருக்கு அது போதும். சிறுநீரில் கேண்டிடா என்று ரிப்போர்ட் வந்தால் மட்டும் பதற வேண்டாம், எரிச்சலோ காய்ச்சலோ இல்லாவிட்டால் பெரும்பாலும் மருந்தே தேவைப்படாது. மார்பில் தேமல் வந்தாலும் அப்படித்தான், தடவுகிற மருந்து போதும். ஆனால் படர்தாமரைக்குக் கடையில் கொடுக்கும் மூன்று மருந்து கலந்த க்ரீமைத் தொடவே கூடாது. அதில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கும், அரிப்பு நிற்கும், பூஞ்சை பரவும். இந்த க்ரீம்கள் இந்தியா முழுக்கப் படர்தாமரையை அடங்காத நோயாக்கி வைத்திருக்கின்றன.

தோப்பு வேலைக்குப் போகலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். கட்டி எடுத்த புண் ஆறும்வரை வேண்டாம். அதற்குப் பிறகு போகலாம், வீட்டிலேயே பூட்டி வைத்தால் மனுஷன் வேறு விதமாக நோயாளியாகிவிடுவார். கணுக்காலை மூடும் ரப்பர் பூட்ஸ், கையுறை, முழுக்கால் சட்டை. வேலி போடுவது, விறகு பிளப்பது, சவுக்குக் கட்டு தூக்குவது இதையெல்லாம் வேறு யாரிடமாவது விட்டுவிடட்டும். குத்திவிட்டால் அன்றே சோப்புப் போட்டுக் கழுவி, சிலாம்பு உள்ளே தங்காமல் எடுக்க வேண்டும், தேதியையும் எழுதி வையுங்கள். பூசணம் பிடித்த வைக்கோலை உதறுவது, எருக்குழியைக் கிளறுவது, கோழிக் கூண்டு சுத்தம் செய்வது, பழைய சுவர் இடிப்பது இவற்றை அவர் பக்கத்தில் வைத்துச் செய்யாதீர்கள். 2024 ஃபெஞ்சல் புயலில் தென்பெண்ணை வெள்ளம் புகுந்த வீடுகளில் சுவர் முழுக்கப் பச்சையும் கருப்புமாகப் பூத்திருந்ததைப் பார்த்திருப்பீர்கள். அப்படி நேர்ந்தால் மற்றவர்கள் கழுவிச் சுண்ணாம்பு அடித்துக் காயும்வரை அவர் சொந்தக்காரர் வீட்டில் இருக்கட்டும். கட்டியின் மேல் மஞ்சள் பற்று, சாணிப் பற்று எதுவும் போட வேண்டாம், ஈரல் சுத்தத்துக்கு என்று யாராவது கொடுக்கும் சூரணமும் வேண்டாம்.

பலாச்சுளை சாப்பிடலாமா என்ற உங்கள் கடைசிக் கேள்வியைப் பார்த்துச் சிரித்தேன், பண்ருட்டிக்காரரிடம் வேறு என்ன எதிர்பார்ப்பது! பலாவில் பொட்டாசியம் அதிகம், டாக்ரோலிமஸும் பொட்டாசியத்தை உடம்பில் தேக்கி வைக்கும். இப்போது ரிப்போர்ட்டில் பொட்டாசியம் சரியாக இருந்தால், உங்கள் டாக்டர் தடை சொல்லாதவரை, இரண்டு மூன்று சுளையில் ஒன்றும் ஆகாது. இட்ராகொனசோல் ஆரம்பித்து டாக்ரோலிமஸ் அளவு ஒரு நிலைக்கு வரும்வரை மட்டும் தள்ளிவையுங்கள், அந்த வாரங்களில்தான் பொட்டாசியம் திடீரென்று ஏறும். பம்ப்ளிமாஸ் மட்டும் எப்போதுமே வேண்டாம், அதுவும் அந்த நொதியைத்தான் பிடித்துக்கொள்ளும்.